மலை வீட்டில் பூனை: சிறுத்தைக்கு அஞ்சும் முன் அலமாரியைப் பாருங்கள்

கோவையில் மூன்றாம் மாடி ஃபிளாட்டிலேயே வளர்ந்த இரண்டு வயதுப் பெண் பூனையோடு, கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வாடகை வீட்டுக்கு அடுத்த மாதம் குடிபோகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பூனையின் பெயர் மீனு. வீட்டுக்காரர், "இங்கே சிறுத்தை வரும், பூனை தங்காது" என்கிறார். உங்கள் அத்தையோ, "மலைக்குப் போயும் அதை அடைச்சு வைக்கறதா?" என்கிறார். வீட்டை எப்படித் தயார் செய்வது என்பது உங்கள் கேள்வி.

அம்மணி, நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாதிக்கு மேல் கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்திலேயே வேலை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போடப் போன வீடுகளில் "இதையும் கொஞ்சம் பாருங்க" என்று துண்டில் சுற்றிக் கொண்டுவந்து காட்டிய பூனைகள் ஏராளம். அவற்றில் பிழைக்காமல் போனவற்றை நினைத்துப் பார்க்கிறேன். பெரும்பாலானவற்றைக் கொன்றது அந்தந்த வீட்டு அலமாரியிலும் பரணிலும் இருந்த ஏதோ ஒரு பொருள்தான். சிறுத்தை தூக்கிய பூனை என்னிடம் வந்திருக்காது என்பது சரி. அதைக் கழித்துவிட்டே சொல்கிறேன். சிறுத்தைக்கு எல்லோரும் பயந்து ஏதாவது செய்துவிடுகிறார்கள். தைலப் புட்டிக்கு யாரும் பயப்படுவதில்லை.

சிறுத்தையை முதலில் முடித்துவிடுகிறேன். வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. தேயிலைப் புதருக்கும் வீட்டுப் படிக்கும் இடையே நாலு எட்டுதான் இருக்கும் ஊர் இது. நாயும் பூனையும் அதற்குச் சுலபமான இரை. அது நடமாடுவது பெரும்பாலும் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. இங்கே மூடுபனி இறங்கினால் ஐந்தரைக்கே இருட்டு. அதனால் விதி ஒன்றே ஒன்று: மாலை ஐந்து மணிக்கு மேல் காலை வெயில் ஏறும் வரை பூனை நாலு சுவருக்குள். வராந்தாவில் இல்லை, கம்பி அடைத்த திண்ணையில்கூட இல்லை. வீட்டுக்குள்.

இதைக் கட்டாயப்படுத்திச் செய்ய வேண்டாம், பசியை வைத்துச் செய்யுங்கள். மதியத்துக்கு மேல் ஒன்றும் கொடுக்காமல் இருந்து, தினமும் ஐந்து மணிக்குத் தட்டில் கரண்டியால் தட்டி உள்ளே சாப்பாடு வையுங்கள். இரண்டு வாரத்தில் நாலே முக்காலுக்கே தட்டருகில் வந்து உட்கார்ந்திருக்கும். மீதிச் சோற்றையும் மீன் முள்ளையும் வெளியே வைக்கும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. அந்த வாசனைக்குக் கரடி வரும், காட்டுப்பன்றி வரும், முள்ளம்பன்றி வரும். கோத்தகிரிப் பக்கம் கரடி எண்ணெய் வாசனைக்கே சமையலறைக் கதவைப் பெயர்க்கும் பிராணி.

உங்கள் அத்தை கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. வெயிலும் காற்றும் பூனைக்கு வேண்டும். வராந்தாவையோ பின்பக்கத் திண்ணையையோ வெல்டு மெஷ் வைத்து அடைத்துவிடுங்கள், மேற்கூரை உட்பட. அரை அங்குலக் கண் போதும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியாக இருக்கட்டும். கொசுவலை நைலானைப் பூனையே கிழித்துவிடும். கோழிவலை நம் ஊர் மழையில் ஒரு வருஷத்தில் துருப்பிடித்து உதிரும். மரச்சட்டத்தில் ஆணிக்குப் பதில் ஸ்க்ரூவும் வாஷரும் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். உள்ளே உயரத்தில் ஒரு பலகை. அதில் உட்கார்ந்து பகல் முழுக்கத் தேயிலை கிள்ளுபவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். குரங்கு வந்தாலும் கம்பிக்கு அந்தப் பக்கமே நிற்கும். திறந்த ஜன்னல் வழியாகக் குரங்கு வந்தால் ரொட்டியை எடுப்பதோடு நிற்பதில்லை, சில நேரம் பூனைக்குட்டியையும் தூக்கிக்கொண்டு போகும். இன்னொரு நன்மையும் உண்டு. இந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அதிகம் காணக் கிடைக்காத குருவிகள் உங்கள் வேலியில் வந்து உட்காரும். அவற்றில் பல தரையோரப் புதரில் இரை தேடுபவை. மீனு உள்ளே இருந்தால் அவையும் பிழைக்கும்.

பழைய வீடு என்கிறீர்கள். அப்படியானால் ஜன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், அவற்றைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பட்டி காய்ந்து ஆடிக்கொண்டிருக்கும். கணப்பு இருந்தால் புகைபோக்கிக்குள் கம்பிவலை போட வேண்டும். புது இடத்துக்கு வந்து மிரண்ட பூனை அதற்குள்தான் முதலில் ஏறும்.

இனி அலமாரி.

பூனையின் கல்லீரலைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் பாதி ஆபத்தை நீங்களே இனம் கண்டுகொள்வீர்கள். மனிதருக்கும் நாய்க்கும் சில நச்சுகளை மாற்றிச் சிறுநீரில் வெளியேற்ற ஒரு நொதி உண்டு, குளுகுரோனில் டிரான்ஸ்ஃபரேஸ் என்பார்கள். இறைச்சியை மட்டுமே தின்று வந்த பூனை இனத்துக்கு அது மிகக் குறைவு. செடிகொடியின் எண்ணெய்களும் பல மாத்திரைகளும் நமக்குச் சில மணி நேரத்தில் வெளியேறும். பூனைக்கு அவை உள்ளேயே தங்கி அடுத்தடுத்து சேரும். அதோடு பூனை தன் உடம்பை நாக்காலேயே துடைக்கும் பிராணி. மேலே பட்டது எல்லாமே வயிற்றுக்குள் போனதற்குச் சமம்.

இப்போது நீலகிரித் தைலத்தை நினைத்துப் பாருங்கள். 1843-ல் இந்த மலைக்கு வந்த யூகலிப்டஸ் மரம் இன்று நம் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் ஒரு புட்டியாக இருக்கிறது. தலைவலிக்குத் தைலம், சளிக்குத் தைலம், தரை துடைக்கும் தண்ணீரில் நாலு சொட்டு, மழைக்கால ஈர வாடை போகத் திரியில் கொஞ்சம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வீட்டுக் குட்டி ஒன்றுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. பிள்ளைகளுக்குச் செய்வது போலவே என் அம்மா அதன் நெஞ்சில் தைலம் தேய்த்து, துணியில் சுற்றி அடுப்போரம் படுக்க வைத்தார். நான் வந்து பார்த்தபோது வாயில் எச்சில் வழிய, கால் தள்ளாட, உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. விடிவதற்குள் போய்விட்டது. அம்மா அன்று சாப்பிடவே இல்லை. அன்பால் செய்த காரியம் அது. கால்நடை மருத்துவம் சம்பந்தப்பட்ட வேலையில் இருந்துகொண்டு வீட்டில் சொல்லி வைக்காதது நான்தான்.

அதனால் சொல்கிறேன்: யூகலிப்டஸ் தைலம், விண்டர்கிரீன் தைலம், லெமன்கிராஸ், சிட்ரோனெல்லா எண்ணெய், கற்பூரம், அந்துருண்டை எல்லாம் மூடி போட்ட டப்பாவில், கதவு உள்ள அலமாரியில் இருக்கட்டும். விண்டர்கிரீனில் இருப்பது ஆஸ்பிரின் குடும்பத்துச் சரக்கு. அது பூனை உடம்பில் நாள்கணக்கில் தங்கும். உங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தால் அன்று மீனுவை மடியில் ஏற்றாதீர்கள். தப்பித்தவறி மேலே கொட்டிவிட்டால் பாத்திரம் துலக்கும் லிக்விட் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு உடனே கழுவி, துவட்டி, சூடாக வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

ஃபினாயிலும் அதே கணக்குதான். ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும். வெறும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். முன்பு குடியிருந்தவர் பூனை வளர்த்து, அது வாந்தியும் பேதியுமாகச் செத்திருந்தால் மட்டும் பிளீச் வேண்டும். பூனைகளுக்கு வரும் அந்த பார்வோ வகை வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருஷம் வரை உயிரோடு இருக்கும். ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகுதான் பூனை உள்ளே வர வேண்டும்.

பாராசிட்டமால். காய்ச்சல் அடிக்கிறதென்று அரை மாத்திரை பொடித்துப் பாலில் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாலு கிலோப் பூனையைக் கொல்ல ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை வேண்டியதைவிட அதிகம். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு முட்டும். சில மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்று மருந்து உண்டு, மனிதர்களுக்கான மருந்துக் கடையிலேயே கிடைக்கும். அதைக் கொடுக்கும் அளவு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் மருந்து வாங்கும்போதும் இதே கவனம். நாய்க்கான சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து உயிர் போகும். கடையில் "ரெண்டுக்கும் ஒண்ணுதான்" என்றால் நம்ப வேண்டாம், அட்டையில் பூனைக்கு என்று அச்சடித்திருக்க வேண்டும்.

அடுத்தது பூ. இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். இந்த மலையில் பசுமைக்குடில் போட்டுக் கார்னேஷனும் லிலியம் என்ற லில்லிப் பூவும் வளர்க்கிறார்கள். கல்யாணம், தேவாலயம், ஓட்டல் எல்லாவற்றிலும் லிலியம் பூங்கொத்துதான். குன்னூரில் ஆசிரியை ஒருவர் பாராட்டு விழாவில் கொடுத்த பூங்கொத்தைக் கொண்டுவந்து மேசை மேல் ஜாடியில் வைத்தார். பூனை அதை மோந்து பார்த்தது, முதுகில் மகரந்தம் ஒட்டியது, நக்கியது. அன்று வாந்தி, மறுநாள் சுணக்கம், மூன்றாம் நாள் சிறுநீரே இறங்கவில்லை. அன்றுதான் கொண்டுவந்தார்கள், காப்பாற்ற முடியவில்லை. இலை, இதழ், மகரந்தம், ஜாடித் தண்ணீர் என்று எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தைச் சிதைக்கும். நாய்க்கு இது வருவதில்லை, பூனைக்கு மட்டும்தான். பட்டது தெரிந்தவுடன், 18 மணி நேரம் கடப்பதற்குள், ரத்தநாளம் வழியாகத் திரவம் ஏற்ற ஆரம்பித்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு நாள் விடாமல் ஏற்ற வேண்டியிருக்கும்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிச் சரிவில் தானாகவே பூக்கும் நீண்ட வெள்ளை எக்காள லில்லியும் இந்தக் குடும்பமே. யாராவது ஆசையாகப் பறித்து வந்து கொடுத்தாலும் வீட்டுக்குள் வேண்டாம். ஒரே நாள் மலரும் டே லில்லியும் அப்படித்தான். ஆனால் ஓடையோரச் சேற்றில் கூட்டமாக நிற்கும் வெள்ளைக் காலா லில்லி வேறு. பெயர்தான் லில்லி. கடித்தால் வாய் எரிந்து எச்சில் வழியும், சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஓடையோரம் மண்டிக்கிடப்பதை எல்லாம் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டாம். தோட்டத்தில் பார்க்க வேண்டியவை வேறு சில: மணி போலத் தொங்கும் பெரிய ஊமத்தை, டிஜிடாலிஸ், அசேலியா, செங்காந்தள் கிழங்கு, சைக்கஸ். கம்பித் திண்ணைக்குள் எட்டும் தூரத்தில் இவை இல்லாமல் இருந்தால் போதும். உள்ளே ஒரு சட்டியில் கோதுமை விதைத்து வையுங்கள், புல் கடிக்கும் ஆசைக்கு அது ஆயிற்று.

எலி மருந்துக்கு வருகிறேன். மழை தொடங்கினால் தோட்டத்து எலி எல்லாம் வீட்டுக்குள் ஏறும். தகரக் கூரைக்கும் பலகை சீலிங்குக்கும் நடுவே முன்பு குடியிருந்தவர் வைத்த மருந்து வருஷக்கணக்கில் கிடக்கும். கடையில் விற்கும் நீலம், பச்சை நிற கேக் துண்டில் பெரும்பாலும் புரோமாடியோலோன் இருக்கும். அது ரத்தத்தை உறைய விடாது. தின்ற பூனை மூன்று நான்கு நாள் வரை நன்றாகவே இருக்கும், பிறகுதான் உள்ளுக்குள் ரத்தக் கசிவு. மருந்து தின்று மயங்கிய எலியைப் பிடித்துத் தின்றாலும் ஆபத்துதான். நல்ல வேளையாக வைட்டமின் கே1 இதற்கு மாற்று. மூன்று நாலு வாரம் கொடுக்க வேண்டும். "தேறிவிட்டதே" என்று பாதியில் நிறுத்தியவர்கள் மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். கறுப்புப் பொடியாக வரும் ஜிங்க் பாஸ்பைடுக்கு மாற்று மருந்து கிடையாது. அதைத் தின்ற பூனையின் வாந்தியிலிருந்து வரும் வாயு உங்களுக்கும் ஆகாது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கையாளுங்கள். எலிக்கூண்டு வாங்கி வையுங்கள், மருந்து வேண்டாம். பசை அட்டையும் வேண்டாம். பூனை ஒட்டிக்கொண்டால் சமையல் எண்ணெய் தடவித்தான் பிரிக்க வேண்டும், மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. காய்கறித் தோட்டத்து நத்தை மருந்தும் இதே வரிசைதான், கை கால் வெட்டி இழுக்கும்.

"அடுப்பில் பூனை தூங்குகிறது" என்று வறுமையைச் சொல்வோம். இந்தக் குளிரில் வசதியான வீட்டு அடுப்பிலும் பூனை தூங்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பள்ளங்களில் உறைபனி விழும். கோத்தகிரி அவ்வளவு இல்லை என்றாலும் கோவைப் பூனைக்கு அதுவே கடுமை. சூடு எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சுருண்டுகொள்ளும். காலையில் விறகடுப்பு பற்றவைக்கும் முன் சாம்பலுக்குள் கையால் துழாவிப் பாருங்கள். வண்டியை எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள், எஞ்சின் சூட்டுக்கு உள்ளே ஏறி இருக்கும். வாளியில் ஹீட்டர் ராடு போட்டுத் தண்ணீர் காய வைக்கும் வழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. குளியலறைக் கதவைச் சாத்தாமல் அதைப் போடாதீர்கள். வாளி விளிம்பில் தாவி உள்ளே விழுந்த பூனைகளுக்குப் பிறகு செய்ய ஒன்றும் இருப்பதில்லை. கரியடுப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்கி மனிதர்களே இறந்திருக்கிறார்கள், பூனை இன்னும் சிறிய உடம்பு. அதற்கு வேண்டியது ஒரு அட்டைப்பெட்டி, பழைய கம்பளி, துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டி. கம்பளி பின்னும் நூலுண்டையை மட்டும் பூட்டி வையுங்கள். விழுங்கிய நூல் வாயிலோ பின்புறமோ தொங்கினால் இழுக்காதீர்கள், குடலை அறுத்துவிடும்.

சாப்பாட்டில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மலைப்பூண்டு. பூச்சி போகும் என்று பூண்டு அரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். குடற்பூச்சிக்கு மாத்திரை இருக்கிறது.

தடுப்பூசி போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள். வெறிநோய் ஊசி வருஷா வருஷம், மூன்று நோய்க்கான கூட்டு ஊசி மருத்துவர் சொல்லும் இடைவெளியில். 1907-ல் குன்னூரில் வெறிநோய்க்காகத் தொடங்கிய பாஸ்டர் நிலையத்தை நிழலில் வைத்துக்கொண்டு இதில் அலட்சியம் வேண்டாம். வெளிப்பூனையோ தெருநாயோ கடித்த பூனை உங்களைக் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மீனுவுக்குக் கருத்தடை ஆகவில்லையென்றால் மலையேறும் முன் கோவையிலேயே முடித்துவிடுங்கள். இனச்சேர்க்கைச் சூட்டில் இருக்கும் பூனையை எந்தக் கம்பியும் நிறுத்தாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது வளைவுகளில் வாந்தி எடுக்கும். கிளம்பும் முன் ஐந்து மணி நேரம் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். கூடையைப் போர்வையால் மூடி, காலடியில் ஆடாமல் வையுங்கள். வழியில் எங்கேயும் கூடையைத் திறக்காதீர்கள், பாவமாகக் கத்தினாலும். வீடு வந்ததும் ஒரே அறையில், அதன் பழைய துவாலை, மலம் கழிக்கும் பழைய மண்தட்டு, கதவு சாத்தி மூன்று நாள். பிறகு மற்ற அறைகள். கம்பித் திண்ணை இரண்டு வாரம் கழித்து. கழுத்துப் பட்டை போட்டால் இழுத்தால் தானே கழன்றுவிடும் வகை வேண்டும். சாதாரணப் பக்கிள் பட்டை தேயிலைக் கிளையில் மாட்டினால் தூக்குக் கயிறாகிவிடும்.

இத்தனைக்கும் மீறி ஓடிவிட்டால் என்ன செய்வது? இரவில் டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். இது உங்களுக்காகச் சொல்வது. காட்டெருமையும் கரடியும் இருட்டில் எதிரே நின்றால்தான் தெரியும். பழகாத இடத்தில் மிரண்ட பூனை பெரும்பாலும் வெகுதூரம் போகாது. இரண்டு மூன்று வீட்டுக்குள், விறகுக் கொட்டகையிலோ கல்படிக்கு அடியிலோ சத்தமே இல்லாமல் ஒடுங்கிக் கிடக்கும். கூப்பிட்டாலும் பதில் வராது. நீங்கள் உடுத்திய துணியை வாசற்படியில் போட்டு, கதவைக் கையகலம் திறந்து உள்ளே விழித்திருங்கள். விடிந்ததும், அக்கம்பக்கத்தாரைக் கேட்டு ஒவ்வொரு இடுக்காகக் குனிந்து பாருங்கள். வெயில் ஏறிய பிறகு தட்டில் கரண்டியால் தட்டுங்கள். கோவையில் இருக்கும்போதே அந்தச் சத்தத்தைப் பழக்க ஆரம்பித்துவிடுங்கள், இன்றைக்கே.

வீட்டுச் சாவி வாங்கும் அன்று, சாமான் இறங்கும் முன் வீட்டுக்காரரிடம் எலி மருந்து எங்கெங்கே வைத்தார்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். சரி என்று கேட்டுக்கொண்டு, ஏணி வாங்கி டார்ச்சோடு சீலிங்குக்கு மேலே ஏறிப் பாருங்கள். அடுப்புத் திட்டுக்கு அடியிலும், குளியலறைப் பாய்லருக்குப் பின்னாலும்.